உடலியக்கம் கண்ட போரெல்லி

நிற்றல், நடத்தல், இருத்தல், எழுதல், குனிதல், நிமிர்தல் ஆகியவை நாம் நாள்தோறும் செய்யும் செயல்கள். நீர் நிறைந்த குடத்தைத் தூக்குகிறோம், கல்லை எறிகிறோம், வாய்க்காலைத் தாண்டுகிறோம். இவற்றைச் செய்யும்பொழுது நம் உடம்பினுள் நிகழ்வது யாது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. எளிதாக நிகழ்வனவெல்லாம் எளியன என்று கருதுவது மக்கள் இயல்பு. ஆராயும் அறிஞர்க்கோ எளிய செயல் என ஒன்று இல்லை. ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் எந்தத் தசை சுருங்குகிறது, எந்த எலும்பு அசைகிறது, உடம்பின் பாரம் எங்கிருந்து எங்கு மாறுகிறது என ஒவ்வொன்றாய் ஆராய்ந்து, அவ்வியக்கத்திற்குக் கணக்கு வகுத்த பேரறிஞர் ஒருவர் இத்தாலி நாட்டில் வாழ்ந்தார். அவர் பெயர் ஜியோவன்னி அல்பொன்சோ போரெல்லி. அவருடைய வரலாற்றையும் அவர் கண்டறிந்த உண்மைகளையும் ஈண்டுக் காண்போம்.

இளமையும் கல்வியும்

இத்தாலியின் தென்பகுதியில் கடலை ஒட்டி அமைந்த பழம்பெரு நகரம் நேப்பிள்ஸ். அந்நாளில் அது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. அந்நகரில் 1608ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 28ஆம் நாள் போரெல்லி பிறந்தார். தந்தையார் ஸ்பானியப் படையில் பணிபுரிந்த காலாள் வீரர். தாயார் இத்தாலியப் பெண்மணி. தாயின் குடிப்பெயரை ஒட்டியே போரெல்லி என்னும் பெயரை அவர் பின்னாளில் மேற்கொண்டார். செல்வமோ குலப்பெருமையோ அவருக்குத் துணையாக அமையவில்லை. கூரிய அறிவும் குன்றாத ஊக்கமுமே அவர் பெற்ற முதல்.

இளைஞரான போரெல்லி உரோமாபுரிக்குச் சென்றார். அங்குப் பெனடெட்டோ காஸ்டெல்லி என்னும் கணிதப் பேராசிரியர் மாணவர்க்குக் கல்வி புகட்டி வந்தார். அவர், வானநூல் வல்ல கலிலியோவின் தலைமாணாக்கருள் ஒருவர். அவரிடம் போரெல்லி கணிதம் பயின்றார். காற்றின் அழுத்தத்தை அளக்கும் பாரமானியைப் பின்னாளில் அமைத்துப் புகழ்பெற்ற டாரிசெல்லியும் அவ்வாசிரியரின் மாணவரே. இயற்கை என்னும் பெருநூல் கணிதம் என்னும் மொழியில் எழுதப்பட்டது என்பது கலிலியோ வழிவந்தோர் கொள்கை. இக்கொள்கை போரெல்லியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. விழும் கல்லுக்கும் சுழலும் கோளுக்கும் கணக்கு உண்டாயின், நடக்கும் மனிதனுக்கும் பறக்கும் பறவைக்கும் கணக்கு இல்லாமற் போகுமோ? இவ்வினாவே அவர் வாழ்வின் உட்பொருளாக அமைந்தது.

மெசினாவில் ஆசிரியப் பணி

சிசிலித் தீவில் மெசினா என்னும் நகரம் உளது. ஆசிரியர் காஸ்டெல்லியின் பரிந்துரையால், ஏறத்தாழ 1640ஆம் ஆண்டில், அந்நகரில் கணிதம் கற்பிக்கும் பதவி போரெல்லிக்குக் கிடைத்தது. அங்குப் பல்லாண்டுகள் அவர் பணிபுரிந்தார்.

1647, 1648 ஆகிய ஆண்டுகளில் சிசிலி முழுவதும் கொடிய காய்ச்சல் பரவி மக்கள் பலரை மாய்த்தது. கோள்களின் தீய பார்வையே நோய்க்குக் காரணம் என்று அந்நாளில் பலர் நம்பினர். போரெல்லி அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. நோயால் இறந்தோர் உடல்களை அறுத்துச் சோதித்தவற்றை ஆராய்ந்தார்; பல ஊர்களின் தட்பவெப்ப நிலையை ஒப்பிட்டு நோக்கினார். வானத்துக் கோள்களோ பருவ மாறுதலோ காரணமல்ல, வெளியிலிருந்து உடம்பினுள் புகுந்த ஏதோ ஒரு நச்சுப் பொருளே காரணம் என்று முடிவு கட்டினார். அம்முடிவை 1649ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். கணித ஆசிரியர் ஒருவர் மருத்துவத் துறையில் புகுந்து நூல் எழுதியமை பலருக்கும் வியப்பளித்தது. உடம்பைப் பற்றிய அவரது ஆராய்ச்சிக்கு அதுவே தோற்றுவாய் ஆயிற்று.

பைசா நகரில்

1656ஆம் ஆண்டு பைசா நகரப் பல்கலைக்கழகம் அவரைக் கணிதப் பேராசிரியராக ஏற்றது. கலிலியோ முன்னர்க் கற்பித்த இடம் அது. அதற்கு அடுத்த ஆண்டில், மெடிசி குலத்து இளவரசர் லெயோப்போல்டோ பிளாரன்ஸ் நகரில் சோதனைக் கழகம் ஒன்றை நிறுவினார். கேட்டதையும் படித்ததையும் அப்படியே நம்பாது, கண்ணாற் கண்டு கையால் அளந்து உண்மை தெளிவதே அக்கழகத்தின் நோக்கம். அக்கழகத்தில் போரெல்லி முதன்மையான உறுப்பினராக விளங்கினார். கழகத்தார் பலரும் சேர்ந்து செய்த சோதனைகள் 1667ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தபொழுது, எவர் எதனைச் செய்தார் என்று பெயர் குறிக்கப்படவில்லை. எளிதிற் சினங்கொள்ளும் இயல்பினராகிய போரெல்லிக்கு இது மனக்குறையாக இருந்தது என்பர். பெரியோரிடத்தும் சிறு குறைகள் உண்டு.

பைசாவில் இருந்த காலத்தே அவர் ஆற்றிய அரும்பணிகள் பல. பழங்கிரேக்கக் கணிதர் அப்பொல்லோனியஸ் கூம்பின் வெட்டுக்களைப் பற்றி எட்டுப் பகுதிகளில் ஒரு நூல் இயற்றியிருந்தார். அவற்றுள் முதல் நான்கு பகுதிகளே கிரேக்க மொழியில் எஞ்சின. பிற பகுதிகள் மறைந்தன என்று உலகம் எண்ணியிருந்தது. பிளாரன்ஸ் நூல்நிலையத்தில் இருந்த அரபு மொழிச் சுவடி ஒன்றைப் போரெல்லி கண்டார். அவருக்கு அரபு மொழி தெரியாது. எனினும் அதிலுள்ள வடிவங்களை நோக்கி, மறைந்த பகுதிகளே இவை என உணர்ந்தார். லெபனான் நாட்டறிஞர் ஆபிரகாம் எக்கெலென்சிஸ் துணையுடன் மூன்று பகுதிகளை இலத்தீனில் பெயர்ப்பித்து 1661ஆம் ஆண்டு வெளியிட்டார். வியாழன் என்னும் கோளைச் சுற்றும் துணைக்கோள்களின் இயக்கத்தை ஆராய்ந்து 1666ஆம் ஆண்டு மற்றொரு நூல் எழுதினார். நியூட்டன் பெருமகனாரும் தம் கடிதம் ஒன்றில் அவ்வாராய்ச்சியை நினைவு கூர்ந்துள்ளார்.

இங்கேதான் மால்பீகி என்னும் இளம் மருத்துவரின் நட்பு அவருக்கு வாய்த்தது. போரெல்லியின் இல்லம் ஆராய்ச்சிக் கூடமாக மாறியது. அங்கு விலங்குகளின் உடல்களை அறுத்து இருவரும் ஆராய்ந்தனர். மருத்துவர் கணிதம் கற்றார். கணிதர் உடற்கூறு கற்றார். நுரையீரலில் உள்ள மயிரிழை போன்ற நுண்குழாய்களை மால்பீகி உருப்பெருக்கியால் கண்டு, அச்செய்தியை 1661ஆம் ஆண்டு போரெல்லிக்கு எழுதிய மடல்களாகவே வெளியிட்டார்.

நெம்புகோலும் மனித உடலும்

உடலியக்கத்தைப் பற்றிப் போரெல்லி கண்ட உண்மைகளுள் தலையாயது தசையின் வலிமையைப் பற்றியது. அதனை அறிதற்கு நெம்புகோலின் தன்மையை முதலில் உணர்தல் வேண்டும்.

நெம்புகோலில் மூன்று இடங்கள் உண்டு. கோல் எதன்மேல் சுழல்கிறதோ அது சுழலிடம். தூக்கப்படும் பொருள் பாரம். தூக்கும் ஆற்றல் விசை. இம்மூன்றும் அமையும் முறையால் நெம்புகோல் மூவகைப்படும். துலாக்கோலில் சுழலிடம் நடுவில் இருக்கும். பாக்குவெட்டியில் சுழலிடம் ஒரு முனையிலும், பாக்கு நடுவிலும், கையின் விசை மறுமுனையிலும் இருக்கும். கரித்துண்டை எடுக்கும் இடுக்கியில் விசை நடுவில் அமைய, பாரம் முனையில் இருக்கும்.

இம்மூன்றும் நம் உடம்பில் உள்ளன. தலை கழுத்தெலும்பின் மேல் துலாக்கோல் போல அமைந்துளது. முன்புறம் முகத்தின் பாரம் கீழே இழுக்கிறது. பின்புறம் பிடரித் தசைகள் அதனை இழுத்துப் பிடிக்கின்றன. உட்கார்ந்தவாறே உறங்குவோன் தலை முன்னே கவிழ்வது, அத்தசைகள் தளர்வதனாலேயே. நுனிக்காலில் நிற்கும்பொழுது விரல்களின் அடி சுழலிடமாகவும், குதிகாலை மேலே இழுக்கும் கெண்டைக்கால் தசை விசையாகவும், நடுவில் இறங்கும் உடம்பின் எடை பாரமாகவும் அமைந்து பாக்குவெட்டியை ஒக்கின்றன. முழங்கையை மடக்கிப் பொருளைத் தூக்கும்பொழுது கை இடுக்கியை ஒக்கிறது. முழங்கை மூட்டு சுழலிடம். உள்ளங்கையில் உள்ளது பாரம். மூட்டுக்கு மிக அண்மையில் எலும்பைப் பற்றியிருக்கும் மேற்கைத் தசையே விசை.

சிறிய விசையால் பெரிய பாரத்தைத் தூக்குமாறு தசைகள் அமைந்துள்ளன என்று முன்னோர் பலர் கருதினர். உண்மை அதற்கு நேர்மாறானது என்று போரெல்லி நிறுவினார். கணக்கின் எளிமைக்காக, தசை பற்றியுள்ள இடம் மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவிலும், உள்ளங்கை 35 சென்டிமீட்டர் தொலைவிலும் உள்ளன எனக் கொள்வோம். பாரம் ஏழு மடங்கு தொலைவில் இருக்கின்றது. ஆகவே 5 கிலோகிராம் எடையைத் தாங்குதற்குத் தசை 35 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் இழுத்தல் வேண்டும். கையின் எடையையும் சேர்த்தால் இன்னும் மிகுதியாகும்.

இயற்கை இவ்வாறு வலிமையை வீணாக்குவது ஏன் என்று நாம் வினவலாம். வீணன்று, அதற்கு ஈடாக நாம் பெறுவது ஒன்று உண்டு. தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் உள்ளங்கை ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் உயர்கின்றது. விசையில் இழந்ததை விரைவிலும் தொலைவிலும் பெறுகிறோம். எறிதலும் ஓடுதலும் தாண்டுதலும் நமக்குக் கைகூடுவது இதனாலேயே. ஒன்றைக் கொடாது ஒன்றைப் பெறுதல் இயற்கையின் கணக்கில் இல்லை.

நிற்றலும் நடத்தலும்

ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எடை முழுவதும் ஓரிடத்தே குவிந்தது போல இயங்கும் இடம் ஒன்று உண்டு. அதனைப் புவியீர்ப்பு மையம் என்பர். மனித உடம்பின் மையத்தைக் காணப் போரெல்லி ஓர் எளிய சோதனை செய்தார். கூரிய விளிம்பு ஒன்றன்மேல் பலகையை வைத்து, அதன்மேல் ஒரு மனிதனை நீட்டிப் படுக்கச் செய்தார். பலகை இருபுறமும் சாயாது நிற்கும் வரையில் அவனை முன்னும் பின்னும் நகர்த்தினார். மையம் இடுப்பின் கீழ்ப்பகுதியில் அமைந்துளது என்று அறிந்தார்.

அம்மையத்திலிருந்து நேர்கீழாக இறங்கும் கோடு இரு பாதங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்த பரப்பினுள் விழும்வரை மனிதன் விழாமல் நிற்பான். அப்பரப்பைக் கடந்தால் சாய்வான். முதுகில் மூட்டை சுமப்பவன் முன்னே குனிவதும், இடுப்பில் குடம் வைத்த பெண் மறுபக்கம் சாய்வதும் இதன்பொருட்டே. கால்களை முன்னே நீட்டி நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தவர் அப்படியே எழ முயன்றால் எழ இயலாது. உடம்பை முன்னே சாய்த்தோ பாதங்களைப் பின்னே இழுத்தோதான் எழ முடியும். இதனை நீங்களே செய்து பார்க்கலாம்.

நடத்தலுக்கும் இதுவே அடிப்படை. பின்கால் நிலத்தை உந்துகிறது; ஓடக்காரன் கோலை ஊன்றித் தள்ள ஓடம் முன்செல்வது போல, உடம்பு முன்னே செல்கிறது. மையம் பாதத்தின் எல்லையைக் கடந்தவுடன் உடம்பு விழத் தொடங்குகிறது. அவ்வேளையில் மற்றைக் கால் முன்வந்து தாங்கிக் கொள்கிறது. விழத் தொடங்குதலும் விழாது காத்தலும் மாறி மாறி நிகழ்வதே நடை.

நாம் நேர்கோட்டில் நடக்கிறோம் என்று எண்ணுகிறோம். அதனையும் போரெல்லி சோதித்தார். வெட்டவெளியில் இரு கழிகளை ஒன்றன்பின் ஒன்றாக நட்டு, முன்னுள்ள கழி பின்னுள்ளதை மறைக்குமாறு பார்த்துக்கொண்டே அவற்றை நோக்கி நடக்கச் செய்தார். ஒவ்வோர் அடிக்கும் பின்னுள்ள கழி இடப்புறமும் வலப்புறமும் மாறி மாறித் தோன்றியது. பாரம் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறுந்தோறும் உடம்பும் இருமருங்கும் அசைகின்றது என்பது இதனால் தெளிவாயிற்று. இச்சோதனைக்கு வேண்டியவை இரண்டு கழிகளும் இரண்டு கண்களுமே.

மனிதன் இறகு கட்டிப் பறக்க இயலுமா என்பதையும் அவர் கணக்கிட்டார். பறவையின் மார்புத் தசைகள் அதன் எடையில் ஆறில் ஒரு பங்கிற்குக் குறையா. மனிதன் மார்புத் தசைகளோ நூறில் ஒரு பங்கும் தேறா. ஆதலின் தன் தோள் வலியால் மனிதன் பறவை போலப் பறத்தல் இயலாது என்று முடிவு கூறினார்.

இதயம் உடம்பிற்கு வெப்பம் ஊட்டும் உலைக்களம் என்று பழையோர் நம்பினர். உயிருள்ள மான் ஒன்றின் இதயத்திலும் ஈரலிலும் பிற உறுப்புக்களிலும் வெப்பமானியைச் செலுத்திப் பார்த்த போரெல்லி, எல்லா உறுப்புக்களிலும் வெப்பம் ஒரே அளவினதாக இருத்தலைக் கண்டார். இதயம் உலையன்று, குருதியை உந்தும் பொறியே என்பது இதனால் வலியுற்றது.

துன்பத்தில் தளராமை

1667ஆம் ஆண்டு போரெல்லி மெசினாவுக்குத் திரும்பினார். 1669ஆம் ஆண்டு எட்னா எரிமலை சீறி எழுந்தபொழுது அதனை ஆராய்ந்து மறு ஆண்டில் நூல் வெளியிட்டார். அக்காலத்தே மெசினா மக்களுக்கும் ஸ்பானிய ஆட்சிக்கும் பகை முற்றி வந்தது. ஆட்சிக்கு எதிரான சூழ்ச்சியில் போரெல்லியும் கலந்தவர் என்னும் ஐயம் எழுந்தது. அதன் பயனாக, 1672ஆம் ஆண்டில், அறுபத்து நான்கு வயது முதியவர் தம் பதவியை இழந்து, நாடு கடந்து உரோமாபுரியில் அடைக்கலம் புக நேர்ந்தது.

சுவீடன் நாட்டு அரசியாக இருந்து 1654ஆம் ஆண்டு முடிதுறந்த கிறிஸ்டினா அப்பொழுது உரோமாபுரியில் வாழ்ந்து வந்தார். அறிஞர்களைப் போற்றும் அவ்வம்மையார் போரெல்லிக்கு ஆதரவளித்தார். எனினும் துன்பம் அவரை விட்டபாடில்லை. 1677ஆம் ஆண்டு அவருடைய பணியாளன் ஒருவன் அவர் உடைமை முழுவதையும் கவர்ந்து சென்றான். முதுமைக் காலத்தில் வறியவரான போரெல்லி, ஏழைச் சிறுவர்க்கு இலவசக் கல்வி அளித்துவந்த துறவியர் இல்லத்தில் தங்கினார். உண்டிக்கும் உறையுளுக்கும் கைம்மாறாக அங்குள்ளோர்க்குக் கணிதம் கற்பித்தார். பேரரசர் அவைகளில் பெருமையுற்றவர், எளிய அறையில் அமர்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்நிலையிலும் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகத் தாம் எழுதிவந்த நூலை அவர் கைவிடவில்லை. விலங்குகளின் இயக்கம் என்பது அந்நூலின் பெயர். முதற்பகுதி நடத்தல், ஓடுதல், தாண்டுதல், நீந்துதல், பறத்தல் முதலிய புற இயக்கங்களையும், இரண்டாம் பகுதி தசை, இதயம், மூச்சு முதலியவற்றின் அக இயக்கங்களையும் விளக்குவன. நூலை அச்சிடும் செலவைக் கிறிஸ்டினா அம்மையார் ஏற்க இசைந்தார். அச்சில் ஏறிய தம் நூலைக் காணும் பேறு போரெல்லிக்குக் கிட்டவில்லை. மார்புச் சளி நோயுற்று, 1679ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 31ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அடைக்கலம் அளித்த துறவியரே நன்றி மறவாது நூலைப் பதிப்பித்தனர். முதற்பகுதி 1680ஆம் ஆண்டும், இரண்டாம் பகுதி 1681ஆம் ஆண்டும் வெளிவந்தன.

வழிவழிப் பயன்

போரெல்லி கூறியன யாவும் நிலைபெற்றன என்று கூறுவதற்கில்லை. நரம்பின் வழியே வரும் ஒரு நீர் குருதியுடன் கலந்து பொங்குவதால் தசை பருத்துச் சுருங்குகிறது என்று அவர் எண்ணினார். அது தவறு. தசைச் சுருக்கத்தில் மின்னாற்றலுக்குத் தொடர்பு உண்டு என்பதைக் கால்வானி என்னும் அறிஞர் தவளைக் காலைக் கொண்டு ஆராய்ந்து 1791ஆம் ஆண்டு வெளியிட்டார். தசையினுள் உள்ள நுண்ணிழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதே சுருக்கத்திற்குக் காரணம் என்பது 1954ஆம் ஆண்டு விளங்கிற்று. எனினும், எலும்பும் தசையும் நெம்புகோல் விதிக்கு உட்பட்டவை என்னும் அவரது அடிப்படைக் கொள்கை இன்றும் அசையாது நிற்கின்றது. எலும்பு முறிவுக்கு மருத்துவம் செய்வோரும், செயற்கைக் கால் அமைப்போரும், விளையாட்டு வீரரைப் பயிற்றுவோரும் அவ்வழியே செல்கின்றனர். அமெரிக்க உயிரியக்கவியல் கழகம் தன் தலையாய பரிசைப் போரெல்லியின் பெயரால் வழங்கி வருகின்றது.

ஒவ்வோர் அடியிலும் உடம்பு விழத் தொடங்குகிறது. மறுகால் அதனைத் தாங்கி முன்னே செலுத்துகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் வாழ்க்கையும் அத்தகையதே. பதவி போயிற்று, நாடு போயிற்று, பொருளும் போயிற்று. ஒவ்வொரு வீழ்ச்சியிலும் அறிவு என்னும் காலை ஊன்றி அவர் முன்னே நடந்தார். நாம் எழுந்து நடக்கும்போதெல்லாம் அப்பெரியாரை நினைவுகூர்தல் தகும்.